நீல மருந்தை ஊற்றும் முன் மீனைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் வேலூர், காட்பாடி பக்கத்து வண்ணமீன் கடைகளில் கேட்கிற புகார் ஒன்றுதான்: "மீன் மேல பஞ்சு மாதிரி வெள்ளையா ஏதோ இருக்குது." கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் ஒரு சின்னப் புட்டியில் மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தை எடுத்து நீட்டி, பத்துச் சொட்டு விடச் சொல்கிறார். எத்தனை லிட்டருக்குப் பத்துச் சொட்டு? புட்டிக்குள் இருப்பது எத்தனை சதவீதக் கரைசல்? எதுவும் எழுதியிருக்காது. சில நாளில் மீன் செத்துப்போய், கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் மட்டும் நீலமாக நிற்கும். பழி பூஞ்சை மேல் விழும். கொன்றது பெரும்பாலும் வேறு.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை அல்ல. அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். மெல்லிய இழைகள் தோலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு, மீன் திரும்பும்போது தண்ணீரில் அசைந்தால் அது பூஞ்சை. சில நாள் ஆனதாக இருந்தால் அழுக்கும் பாசியும் சேர்ந்து பழுப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவியது போலத் தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் அது வெண்புள்ளி நோய். அதற்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி, வைத்தியமும் வேறு. ஆண் கோல்டு பிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் மட்டும் வரிசையாகப் புள்ளி இருந்தால் அது நோயே அல்ல. இனப்பெருக்கக் காலத்தில் இயல்பாக வருவது. அதற்கும் மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு.

ஏமாற்றுவது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். வாயைச் சுற்றி வெள்ளையாகப் படரும், அல்லது முதுகுத் துடுப்பின் இருபுறமும் சேணம் போட்டாற்போல் சாம்பல் நிறத் திட்டாக இறங்கும். கிட்டத்தில் பார்த்தால் இழை நீட்டிக்கொண்டிருக்காது. தோலோடு தட்டையாக ஒட்டியிருக்கும், ஓரம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். பூஞ்சை மெதுவாக வளரும். இதுவோ வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரு நாளிலேயே தொட்டியைக் காலி செய்துவிடும். வெண்புள்ளிக்குச் சொல்கிற "ஹீட்டரை 30 டிகிரிக்கு வை" என்ற யோசனையை இதற்கும் செய்தால், நோய்க்கு நாமே தீனி போடுகிறோம். இதற்கு நீல மருந்தை நம்பி உட்கார வேண்டாம். மீனைப் பிரித்துவிட்டு, சூட்டைக் குறைத்து, மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் படத்தையாவது காட்டுங்கள்.

மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கிப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. போர் தண்ணீரில் இது வீண் வேலை. கடினநீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மீனுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு மட்டும் கேடு வரலாம். மனிதர்களுக்கான படர்தாமரை மாத்திரையும் அப்படித்தான். மீன் மேல் வளர்வது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா வகை. பார்க்கப் பூஞ்சை போல இருந்தாலும் அது பாசிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். படர்தாமரைக்குத் தரும் ஃப்ளூகோனசோலை அதற்கு நம்ப முடியாது.

பூஞ்சைதான் என்று உறுதியானால் மீனைத் தனியே எடுங்கள். பெரிய தொட்டியில் மெத்திலீன் ப்ளூ ஊற்றவே கூடாது. அது மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சைத் தின்னும் பாக்டீரியாவைக் கொல்லும், செடியையும் கெடுக்கும். சோப்பு படாத 20 லிட்டர் பக்கெட் போதும். அதில் 15 லிட்டர் அளவில் கோடு போட்டு, தொட்டித் தண்ணீரையே அந்தக் கோடு வரை நிரப்பினால் மீனுக்கு அதிர்ச்சி இருக்காது. கல், மணல், செடி, கரி எதுவும் வேண்டாம். கரி மருந்தை உறிஞ்சிவிடும். ஏர் பம்ப்புக் கல் ஒன்று ஓடட்டும். வெளிச்சத்தில் மெத்திலீன் ப்ளூ சிதையும், ஆகவே பக்கெட்டைத் துண்டால் சுற்றி வையுங்கள்.

அளவு: லிட்டருக்கு 2 மில்லிகிராம். 1 சதவீதக் கரைசல் என்றால் ஒரு மி.லி.யில் 10 மில்லிகிராம் இருக்கும். 15 லிட்டருக்கு 3 மி.லி. ஊசி கழற்றிய 5 மி.லி. சிரிஞ்சில் அளந்து, ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, குமிழி வருகிற இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். சொட்டுக் கணக்கு வேண்டாம், புட்டிக்குப் புட்டி சொட்டின் அளவு மாறும். சாயப்பொடிக் கடையில் கிடைக்கிற மெத்திலீன் ப்ளூவும் வேண்டாம். சாயத் தரத்தில் துத்தநாகம் கலந்திருக்கும், அது மீனுக்கு நஞ்சு.

கூடவே உப்பு. மீனின் ரத்தம் சுற்றியுள்ள நன்னீரை விட உப்பானது. தோல் கிழிந்த இடம் வழியே தண்ணீர் ஓயாமல் உள்ளே ஊறும். அதை வெளியேற்றியே மீன் களைத்துப்போகும். லிட்டருக்கு 2 கிராம் உப்பு அந்தச் சுமையைக் குறைக்கும். 15 லிட்டருக்கு 30 கிராம் என்று தராசில் நிறுத்து, மூன்று பங்காகப் பிரித்து, 12 மணி நேரத்துக்கு ஒரு பங்கு கரைத்து விடுங்கள். கோரிடோராஸ், லோச் போன்ற, தொட்டியின் அடியில் மேயும் மீன்கள் உப்புத் தாங்காது. லிட்டருக்கு 1 கிராமோடு நிறுத்துங்கள். ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கத்துச் சில போர்களில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. அங்கேயும் 1 கிராமில் தொடங்குவது நல்லது. அயோடின் உப்பு மீனைக் கொன்றுவிடும் என்பது வெறும் பீதி. கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பை 2 கிராம் போட்டால் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் சேரும், அவ்வளவுதான்.

தினமும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். எடுத்தது 7.5 லிட்டர் என்றால் புதுத் தண்ணீரோடு 1.5 மி.லி. மருந்தும் 15 கிராம் உப்பும் மட்டும் சேர்க்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பாதித் தண்ணீருக்கு முழு அளவு மருந்தும் உப்பும் போட்டு, நாலாம் நாள் மீனை ஊறுகாய் ஆக்கிவிடுகிறார்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு வெறும் தண்ணீர்தான் விட வேண்டும். உப்பு ஆவியாகாது. தீனி அரை வயிற்றுக்குப் போதும். பஞ்சை இடுக்கியால் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். இரண்டு மூன்று நாளில் பஞ்சு சுருங்கத் தொடங்க வேண்டும். ஐந்து முதல் ஏழு நாள் தொடரலாம். சுருங்காவிட்டால் மருந்தைக் கூட்டாமல், நோயைச் சரியாகக் கணித்தோமா என்று மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாலகைட் கிரீன் என்ற பச்சை மருந்தை வீட்டில் தொடாமல் இருப்பதே உத்தமம். அதன் அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். 15 லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் பொடியை எந்த வீட்டுத் தராசு நிறுக்கும்? சாப்பிடுகிற மீனுக்கு ஆகாத பொருள், கையில் பட்டாலும் கெடுதல்.

பக்கெட்டில் மீன் தேறுகிற நேரத்தில் பெரிய தொட்டியைப் பாருங்கள். பூஞ்சையின் வித்து எல்லாத் தண்ணீரிலும் இருக்கிறது. ஆரோக்கியமான மீனின் வழுவழுப்புத் தோலைத் தாண்டி அது நுழையாது. வலை உரசிய காயம், இன்னொரு மீன் கடித்தது, கூரான அலங்காரக் கல், ராத்திரிக் குளிரில் சட்டென்று இறங்கிய சூடு, அடியில் அழுகுகிற தீனி, இவற்றில் ஏதோ ஒன்று கதவைத் திறந்திருக்கும். நம் பக்கத்துக் காரத்தன்மையுள்ள தண்ணீரில் அம்மோனியா இன்னும் பொல்லாதது. pH என்பது அந்தக் காரத்தன்மையின் அளவு. pH 8 உள்ள தண்ணீரில், pH 7-ல் இருப்பதை விட ஏறக்குறைய ஒன்பது பத்து மடங்கு அம்மோனியா நச்சு வடிவில் இருக்கும். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி பிடிப்பது 56 லிட்டர். கல்லையும் மேல் இடைவெளியையும் கழித்தால் 45. அதில் ஆறு கோல்டு பிஷ்ஷை விட்டுவிட்டு எந்த மருந்தைத் தேடியும் பயனில்லை.

நோய் வந்துவிட்டதென்று தொட்டியை மொத்தமாகக் கொட்டி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவதுதான் பெரிய கேடு. ஃபில்டர் செத்துவிடும், அடுத்த வாரமே அம்மோனியா ஏறி மிச்ச மீனுக்கும் நோய் வரும். கால்வாசித் தண்ணீரை மாற்றி, அடியிலுள்ள கசடை உறிஞ்சி எடுத்தால் போதும். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. ஏர் கல் போட்டு ஒரு நாள் வையுங்கள். அவசரமென்றால் 10 கிராம் சோடியம் தயோசல்ஃபேட்டை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 1 மி.லி. விடலாம்.

நோய்வாய்ப்பட்ட மீனையும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் வேண்டாத சக்கர் மீனையும் ஏரியில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் அல்ல. தமிழகத்து நீர்நிலைகளில் சக்கர் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை கொளத்தூரிலிருந்து பாலித்தீன் பையில் வந்து இறங்கிய மீனை அன்று மாலையே விற்காதீர்கள். இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அது கட்டுப்படியாகாது என்றால், வந்து எத்தனை நாள் ஆயிற்று என்றாவது தொட்டி மேல் எழுதி ஒட்டுங்கள். பெரிய டப்பாவிலிருந்து சின்னப் புட்டிக்கு மாற்றி விற்கும் மருந்தில் பெயர், சதவீதம், 10 லிட்டருக்கு எத்தனை மி.லி., தயாரித்த மாதம் ஆகிய நான்கையும் தமிழில் எழுதுங்கள். மீன்வளத் துறையும் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். லேபிள் இல்லாத புட்டியை வாசகர்கள் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்போர் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.