இனாரியில் இறங்காமல் உஜி வரை போங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கியோட்டோ பயணக் கட்டுரையைப் படித்தேன். ஃபுஷிமி இனாரியில் தோரி எனப்படும் சிவப்பு வாயில்களின் வரிசையை எங்கே நின்று படம் எடுக்கலாம், எந்த நேரத்தில் போனால் கூட்டம் குறைவு என்றெல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் அது மக்கள் கும்பிட வரும் கோயில் என்பது கட்டுரையில் எங்கும் தென்படவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் ஒசாகாவில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போயிருந்தபோது நாங்களும் முதலில் இனாரிக்குத்தான் போனோம். ஆயிரக்கணக்கான தோரிகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கும்பிட வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், படம் எடுப்பவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கியே நின்றதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "அமைதியான கோயில் ஒன்று காட்டு" என்று மகளைக் கேட்டேன். கியோட்டோவுக்குப் பக்கத்து ஊரான உஜியில் உள்ள உஜிகாமி கோயிலுக்கு அழைத்துப் போனாள்.

கியோட்டோவிலிருந்து இனாரிக்குப் போகும் அதே ஜேஆர் நாரா தட ரயில்தான். இரண்டாவது நிறுத்தமான இனாரியில் பெட்டி ஏறக்குறைய காலியாகிவிட்டது. உஜியில் இறங்கியவர்களும் பெரும்பாலும் பியோதோயின் புத்தர் கோயிலுக்கே போனார்கள். பத்து யென் நாணயத்தில் இருப்பது அதுதான். நாங்கள் சிவப்பு அசாகிரி பாலம் வழியாக ஆற்றைக் கடந்தோம். அக்கரையில் உஜி கோயில். அதைத் தாண்டி மேடேறும் தெருவில் கொஞ்சம் நடந்தால் உஜிகாமி.

என் கணவர் வாசலிலேயே செருப்பை எங்கே விடுவது என்று தேட ஆரம்பித்துவிட்டார். வளாகத்துக்குள் செருப்போடு போகலாம் என்றாள் மகள். ஆனால் தோரிக்கு முன்னால் நின்று தலைவணங்க வேண்டும். பாதையின் நட்டநடுவே நடக்கக் கூடாது, அது தெய்வம் போகும் வழியாம். உள்ளே கோபுரமும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் சிலையும் இல்லை. முன்மண்டபத்தின் எதிரே தூய்மைக்காகக் குவித்த இரண்டு கூம்பு மணல் மேடுகள். பின்னால் மரப்பட்டை வேய்ந்த கூரையின் கீழ், மரக்கம்பித் தடுப்புக்குள் மூன்று சின்னச் சன்னதிகள். நடுவில் ஜப்பானின் பழங்காலச் சக்கரவர்த்தி ஒஜின், இருபுறமும் அவருடைய இரு மகன்கள். பட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது இளைய மகனை. தந்தை போனபின் தம்பி, அண்ணனே ஆளட்டும் என்றான், அண்ணனோ மறுத்தான். அரியணை காலியாகவே கிடக்க, கடைசியில் தம்பி உயிரையே விட்டு அண்ணனுக்கு வழிவிட்டான் என்று கதை. அந்தத் தம்பிக்காக எழுந்த கோயில் இது.

சன்னதி மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, அவை 1060 வாக்கில் வெட்டப்பட்டவை என்று கண்டிருக்கிறார்கள். ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின், இன்று நிற்கும் கோயில் கட்டடங்களில் இதைவிடப் பழையது இல்லை. 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இத்தனை இருந்தும் நுழைவுக் கட்டணம் இல்லை, நாங்கள் இருந்தவரை அங்கே வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஓரமாக கிரிஹாரா என்ற ஊற்று இருக்கிறது. சில கல்படிகள் இறங்கித்தான் தண்ணீர் மொள்ள வேண்டும். உஜியின் புகழ்பெற்ற ஏழு நீர்நிலைகளில் இன்னும் ஊறுவது இது ஒன்றே. நாங்கள் அங்கே நின்றபோது காய்கறிப் பையோடு ஒரு அம்மா வந்தார். பையைக் கீழே வைத்தார். அகப்பையில் மொண்டு முதலில் இடக்கை, பிறகு வலக்கை, அப்புறம் இடக்கையில் ஏந்திய நீரால் வாயைக் கொப்பளித்தார். சன்னதி முன் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கண்மூடி நின்று, மறுபடி ஒருமுறை குனிந்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களைப் பார்த்து அவர் ஒதுங்க வேண்டிய அவசியமே வரவில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

2024இல் கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். குடியிருப்பவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து எடுத்த முடிவு அது. அந்த நிலை உஜிகாமிக்கும் வரக் கூடாது. அதற்காக அதைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பலர் ஜப்பானில் இருக்கிறார்கள், பெற்றோர் போய்வருவதும் கூடிவருகிறது. எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்து போனால் யாருக்கும் தொந்தரவில்லை.

ஆகவே அடுத்த முறை கியோட்டோ பற்றி எழுதும்போது, கைகழுவும் முறை, வணங்கும் முறை, எங்கே படம் எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். போகிறவர்களுக்கு ஒன்று: கியோட்டோவிலிருந்து உஜிக்கு மியாகோஜி விரைவு ரயிலில் ஏறுங்கள். அது இனாரியில் நிற்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாடுதுறை.