கணக்கு மென்பொருளுக்குக் கணக்கு தெரிந்தவர்கள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிறு வணிகங்கள் சந்தா கட்டாமல் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற வணிக மென்பொருள்களைப் பற்றி நம் கடைக்காரர்களும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட், பெல்ஜியத்தில் உருவான ஓடூ ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஓடூவின் இலவசப் பதிப்பில் முழுமையான கணக்கியல் பகுதி கிடையாது. 2015இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து அது கட்டணப் பதிப்புக்குப் போய்விட்டது. நிதி அறிக்கைகள், வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் வசதி என்று விடுபட்டவற்றை ஓடூ சமூகச் சங்கத்தின் தன்னார்வலர்கள் உலகெங்கிலுமிருந்து எழுதிச் சேர்த்து வருகிறார்கள்.

சிங்கப்பூருக்கும் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள் வேண்டும். அதைச் சொல்லவே இக்கடிதம். நிரல் எழுதத் தெரிந்த தமிழ் இளையருக்கு இங்கே பஞ்சமில்லை. வராமல் இருப்பவர்கள் கணக்கர்கள். கணக்குப் பகுதியில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை நிரல் தெரியாததால் வருவதில்லை, பதிவு எப்படி விழ வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததால்தான் வருகின்றன.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம். இந்தியாவிலிருந்து 10,000 வெள்ளி மதிப்புள்ள சேலைகள் இறக்குமதியாகின்றன. துறைமுகத்தில் கட்ட வேண்டிய 9 விழுக்காடு பொருள் சேவை வரியான (ஜிஎஸ்டி) 900 வெள்ளியைச் சரக்கு முகவர் கட்டிவிட்டு, தம் கட்டணத்தோடு சேர்த்து பில் அனுப்புகிறார். மென்பொருளில் கொள்முதல் பில் என்று பதிந்தால் அந்த 900ஐயும் பொருளின் விலை என எடுத்துக்கொண்டு, அதன் மேல் 9 விழுக்காடாக 81 வெள்ளியை உள்ளீட்டு வரியாக, அதாவது கொள்முதலில் கட்டிவிட்டுத் திரும்பக் கோரும் வரியாகக் காட்டும். உண்மையில் கோர வேண்டியது 900. அதற்கான மதிப்பும் முகவரின் பில்லில் இல்லை, இறக்குமதி அனுமதிச் சீட்டில்தான் இருக்கிறது. ஆகவே வரியை மட்டும் தனியாகப் பதியவும், அதன் அடிப்படை மதிப்பை அனுமதிச் சீட்டிலிருந்து கையால் உள்ளிடவும் வழி இருக்க வேண்டும். கணக்கருக்கு இது அன்றாட வேலை. நிரலாளர் இதைத் தாமாக ஊகித்து எழுத வாய்ப்பே இல்லை.

நகைக்கடைக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. 22 காரட் சங்கிலிக்கு 9 விழுக்காடு வரி உண்டு. 99.5 விழுக்காட்டுக்குக் குறையாத தூய்மையுடன் மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றும் முதலீட்டுத் தங்கக் கட்டிக்கு 2012 அக்டோபர் 1 முதல் வரிவிலக்கு உண்டு. இரண்டையும் விற்கும் கடையில் பொருளுக்குப் பொருள் வரிக் குறியீடு மாற வேண்டும். விலக்குப் பெற்ற விற்பனை மாதச் சராசரியில் 40,000 வெள்ளியையோ மொத்த விற்பனையில் 5 விழுக்காட்டையோ தாண்டினால், உள்ளீட்டு வரி முழுவதையும் கோர முடியாமல் போகும். இந்த இரு வரம்புகளையும் காலாண்டுதோறும் கணக்கிட்டு எச்சரிப்பதோடு ஆண்டு முடிவில் மறுபடி சரிசெய்யும் அறிக்கையும் இருந்தால்தான் நகைக்கடைக்கு அந்த மென்பொருள் உதவும். பழைய நகை மாற்றும் இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. 3,000 வெள்ளி விலையுள்ள தங்கச் சங்கிலிக்கு 1,200 வெள்ளி மதிப்புள்ள பழைய நகையை வாடிக்கையாளர் கொடுத்தால், வரி 3,000க்கு 270 வெள்ளி. பழைய நகையை ‘தள்ளுபடி’ என்று பதிந்தால் மென்பொருள் 1,800க்கு 162 வெள்ளிதான் போடும். குறையும் 108 வெள்ளியைக் கடைக்காரர் பின்னால் தம் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். விற்பனை ஒரு பதிவாகவும் பழைய நகைக் கொள்முதல் இன்னொரு பதிவாகவும் விழுந்து, கடைசியில் இரண்டும் நேர்செய்யப்பட வேண்டும்.

கோர முடியாத வரியும் இப்படித்தான். சாதாரணத் தனியார் காரின் பெட்ரோலுக்கு வரியோடு 109 வெள்ளி கொடுத்தால் அந்த 109ம் செலவுக் கணக்குக்கே போக வேண்டும். அதில் 9 வெள்ளி உள்ளீட்டு வரிக் கணக்கில் விழுந்தால் காலாண்டு வரிப் படிவமான எஃப்5இல் உள்ளீட்டு வரிக்குரிய 7ஆம் கட்டம் கெட்டுவிடும்.

பின்னக் காசு விஷயத்துக்கு வருவோம். ஒன்றரை வெள்ளி விலையுள்ள பொருள்கள் மூன்று, ஒரே இன்வாய்ஸில் மூன்று தனி வரிசைகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வரி 13.5 காசு, அதாவது 14 காசு. மூன்றும் சேர்ந்து 42 காசு. மொத்தம் 4.50 வெள்ளிக்கு ஒரே தடவையாகக் கணக்கிட்டால் 40.5, அதாவது 41 காசு. எந்த முறையை எடுத்தாலும் இன்வாய்ஸிலும் பேரேட்டிலும் வரிப் படிவத்திலும் அதே முறைதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலாண்டு முடிவில் சில காசுகள் உதைக்கும், அவற்றைத் தேடியே ஒரு நாள் போய்விடும். இதில் ஒரு தொழில்நுட்பக் கண்ணியும் உண்டு. மேற்சொன்ன இரு மென்பொருள்களும் எழுதப்பட்டிருப்பது பைத்தான் மொழியில். 2.675ஐ இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் பைத்தான் 2.68 தராது, 2.67 தரும். கணினி அந்த எண்ணை இரும முறையில் சற்றுக் குறைத்தே சேமித்து வைத்திருப்பதுதான் காரணம். எனவே பணத்தைத் தொடும் எந்த நிரல் வரியிலும் பைத்தானின் பொது முழுமையாக்கலை நேரடியாக அழைக்கக் கூடாது. மென்பொருளே நாணயத்துக்கென்று வைத்திருக்கும் செயற்கூற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். ரொக்க விற்பனையை 5 காசுக்கு முழுமையாக்குவது வேறு விஷயம். அது வரி கணக்கிட்ட பிறகே நடக்க வேண்டும், வித்தியாசம் தனிக் கணக்கில் விழ வேண்டும்.

வரி விகிதம் 2023 ஜனவரி 1இல் 7லிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரி 1இல் 9 ஆகவும் உயர்ந்தது. அப்படி உயரும்போது பழைய வரிப் பதிவைத் திறந்து எண்ணை மட்டும் மாற்றிவிடுவது தவறு. புதிய விகிதத்துக்குப் புதிய வரிப் பதிவு உருவாக்கி, பழையதை அப்படியே விட்டுவைக்க வேண்டும். 2023 டிசம்பரில் 8 விழுக்காட்டில் விற்ற சரக்கு 2024 பிப்ரவரியில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டும் 8 விழுக்காட்டில்தான் வர வேண்டும். பழைய பதிவின் எண்ணை மாற்றியிருந்தால் அங்கே 9 வந்து நிற்கும்.

தமிழகத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கு வரும் நிரலாளர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2017 ஜூலை 1 முதல் உள்ள ஜிஎஸ்டியும் இங்குள்ள ஜிஎஸ்டியும் பெயரில்தான் ஒன்று. மத்திய, மாநிலப் பிரிவு இங்கே கிடையாது, இன்வாய்ஸில் எச்எஸ்என் என்ற சரக்கு வகைப்பாட்டுக் குறியீடு கேட்பதும் கிடையாது. இந்திய வரிக்கான நிரல் தொகுதியை நகலெடுத்து வெட்டிக் குறைப்பதைவிடச் சிங்கப்பூருக்குப் புதிதாக எழுதுவது எளிது. இஆர்பிநெக்ஸ்ட் 14ஆம் பதிப்பின்போது இந்திய வரிப் பகுதியே மைய மென்பொருளிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிச் செயலி ஆனது. சட்டம் மாறும் வேகத்துக்கு மைய மென்பொருளின் வெளியீட்டு அட்டவணை ஈடுகொடுக்காது என்பதால் அது சரியான முடிவு. நாமும் சிங்கப்பூர்ப் பகுதியைத் தனித் தொகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இதைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் சிங்கப்பூரின் மின் இன்வாய்ஸ் கட்டமைப்பான இன்வாய்ஸ்நவ். தாமாக முன்வந்து ஜிஎஸ்டிக்குப் பதிந்துகொள்ளும் புதிய நிறுவனங்கள், இன்வாய்ஸ் விவரங்களை இந்தக் கட்டமைப்பின் வழியே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. தொடங்கிச் சில மாதங்களே ஆன நிறுவனங்களுக்கு அது 2025 நவம்பர் 1 முதலும், தாமாகப் பதியும் மற்ற எல்லாருக்கும் 2026 ஏப்ரல் 1 முதலும் என வகுக்கப்பட்டது. இன்வாய்ஸ்நவ், மின் இன்வாய்ஸ் பரிமாற்றத்துக்கென ஐரோப்பாவில் பிறந்த பெப்போல் தரத்தின் மேல் அமைந்தது. அதனால் பலர் ஐரோப்பியத் தொகுதியையே எடுத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். அது சாதாரண வரிக்கு ‘எஸ்’ என்று எழுதும். சிங்கப்பூர் வடிவம் எதிர்பார்ப்பது ‘எஸ்ஆர்’. பூச்சிய விகிதத்துக்கு அது ‘இசட்’ என்று எழுதும், இங்கே வேண்டியது ‘இசட்ஆர்’. பெறுநரின் முகவரியும் ‘0195’ என்ற முன்னெண்ணுடன் நிறுவனத்தின் பதிவு எண்ணான யூஇஎன் எண்ணைக் கொண்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் இன்வாய்ஸ் போய்ச் சேராது. நிரலை எழுதிவிட்டால் மட்டும் போதாது, அங்கீகாரம் பெற்ற அணுகல் சேவை நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் அனுப்ப முடியும். அந்த ஏற்பாட்டையும் செலவையும் குழு தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கர் இதில் செய்ய வேண்டியது என்ன? நிரல் மொழி கற்க வேண்டியதில்லை. ஒரு பரிவர்த்தனையை நாலு வரியில் எழுதி, எந்தக் கணக்கில் எவ்வளவு பற்று, எந்தக் கணக்கில் எவ்வளவு வரவு, எஃப்5இன் எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஏற வேண்டும் என்று காசு சுத்தமாகக் குறித்துக் கொடுத்தால் போதும். நிரலாளர் முதலில் அதைத் தானியங்கிச் சோதனையாக எழுதிவிட்டு, பிறகு அந்தச் சோதனை தேறும்வரை நிரலைத் திருத்துவார். இப்படி முப்பது, நாற்பது பரிவர்த்தனைகள் சேர்ந்தால், சாதாரணக் கடையின் ஒரு காலாண்டு ஏறக்குறைய அதற்குள் அடங்கிவிடும். சேலைக் கணக்கும் சங்கிலிக் கணக்கும் பெட்ரோல் கணக்கும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிறகு வரும் சரிபார்ப்பை அவசரப்படுத்தக் கூடாது. ஓடூ சமூகச் சங்கத்தில் ஒரு மாற்றம் ஏற்கப்படுமுன் பொதுவாகக் குறைந்தது இருவர் பார்த்து ஒப்ப வேண்டும், ஐந்து நாள்களாவது அது பார்வைக்கு இருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது கணக்கு தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதை நாம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அவர் பார்க்க வேண்டியவை சில உண்டு. பதிவான இன்வாய்ஸை அழிக்க முடிகிறதா? முடியக் கூடாது, எதிர்ப்பதிவு மட்டுமே அனுமதிக்கப்பட வேண்டும். எஃப்5 அனுப்பிய பிறகு அந்தக் காலாண்டு பூட்டப்படுகிறதா? பூட்டாவிட்டால் பின்தேதியிட்ட ஒரு பில் உள்ளே நுழையும், அனுப்பிய படிவமும் பேரேடும் ஒத்துப்போகாது. ஐந்தாண்டுக்கு முந்திய அறிக்கையைத் திரும்ப எடுத்தாலும் அதே எண்கள் வருகின்றனவா? தமிழில் பெயர் அச்சிட விரும்பும் கடைகளுக்காக, மென்பொருள் ஓடும் வழங்கியில் (சர்வரில்) தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எழுத்துரு இல்லையென்றால் பிடிஎஃப் இன்வாய்ஸில் பெயருக்குப் பதில் கட்டங்கள்தான் வரும்.

பெரிய சிரமம் அடுத்த ஆண்டில் வரும். ஓடூ ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வெளியிடுகிறது. தொகுதியை ஒவ்வொரு பதிப்புக்கும் மாற்றியமைக்க வேண்டும். உற்சாகமாகத் தொடங்கிய தன்னார்வத் தொகுதிகள் பல இந்த இடத்தில்தான் கைவிடப்படுகின்றன. தொடங்கும்போதே ஒரு பதிப்புக்கு இருவர் என்று பொறுப்பேற்கச் சொல்லிவிடுவது நல்லது.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் கணக்கியல் படிக்கும் மாணவர்களும், ஓய்வுபெற்ற கணக்கர்களும், லிட்டில் இந்தியா கடைக்காரர்களும், நம் வர்த்தக அமைப்புகளும் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மூன்று மணி நேரம் கொடுத்தாலே வேலை நகரும். கூடுவதற்கு நூலகக் கூட்ட அறை ஒன்று போதும். வருவோர் மடிக்கணினி கொண்டுவர வேண்டியதில்லை. சென்ற காலாண்டின் எஃப்5 நகலையும், அதற்குள் போன இன்வாய்ஸ்களில் உங்களைக் குழப்பிய ஐந்தையும், பெயரும் யூஇஎன் எண்ணும் தெரியாதபடி கறுப்பு மையால் அழித்துக் கொண்டுவாருங்கள்.

இங்ஙனம்,
கணக்காளரும் நிரலாளருமான இரு வாசகர்கள்,
சிராங்கூன்