உப்பு பார்க்கிற வேலை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பிள்ளைகள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று நீ சொன்ன பிறகுதான் நேற்று எனக்குத் தூக்கம் வந்தது. மூன்று வாரமாக அமளிதுமளியாகக் கிடந்த வீடு இப்போது வெறிச்சென்று இருக்கிறது. காலையில் சமையலறைக்குள் போனால் மேடைக்குக் கீழே இன்னும் மாவு. பெருக்கப் பெருக்க எங்கிருந்தோ வருகிறது. துடைக்க வேண்டாம், கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்கிறார் அப்பா. அவருக்கென்ன, எறும்பு வந்தால் நான்தானே பார்க்க வேண்டும்.

"கேரட் என்றாலே முகத்தைத் திருப்புகிறவள் அங்கே எப்படி இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள்? அதில் என்னம்மா போட்டாய்?" என்று போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் உனக்கு ஆபீஸ் வேலை வந்துவிட்டது. சரி, எழுதியே சொல்லலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நேரில் சொல்ல வாய் வராத இன்னொன்றும் இருக்கிறது. அதையும் இதிலேயே சொல்லிவிடலாம்.

சூப்பில் நான் ஒன்றும் போடவில்லை. முதல் வாரம் மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் குட்டி தொடவில்லை. நானும் பேசாமல் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டேன். ஒரு புதுச் சுவை பழகப் பிள்ளைகளுக்கு எட்டு, பத்து தடவையாவது அது கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டும், சில பிள்ளைகளுக்கு இன்னும் கூட. 2 வயதிலிருந்து 6 வயதுவரை புதிதாக எதைக் கண்டாலும் வேண்டாம் என்பது அந்தப் பருவத்தின் குணம். நாம் என்ன செய்கிறோம், இரண்டாவது தடவையே "இவளுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அதையும் அவள் காதுபடச் சொல்கிறோம். அப்புறம் அவளும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நான்காவது தடவை கேரட்டைக் கழுவும் வேலையை அவளிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் கழுவினாள். தண்ணீர் வீணாகிறதே என்று பாத்திரத்தில் பிடித்து வைத்துக் கொடுத்துவிட்டேன். சூப் கொதித்து இறங்கியதும் ஒரு கரண்டி எடுத்து, ஊதி ஆற வைத்து, "உப்பு பார்த்துச் சொல்லு" என்றேன். "நானா?" என்று கேட்டாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நாக்கு நுனியில் தொட்டாள், கூரையைப் பார்த்தாள், யோசித்தாள். "கொஞ்சம் போதலை" என்றாள். ஒரு சிட்டிகை போட்டேன். மறுபடியும் பார்த்தாள். "இப்ப சரி." அவளே சரி என்று சொல்லிவிட்ட சூப்பை அவளே எப்படி வேண்டாம் என்பாள்? (முதலிலேயே உப்பைக் குறைத்துத்தான் போட்டு வைத்திருந்தேன். அது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை.)

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அப்பா எதையோ தேடிப் படித்துக் காட்டினார். 2014-ல் சுவிட்சர்லாந்தில் இதையே சோதித்துப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளில், பெற்றோரோடு சேர்ந்து சமைத்தவர்கள் சமையலில் சேராதவர்களைவிட சாலடைக் கூடுதலாகச் சாப்பிட்டார்களாம். இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா என்று கேட்டேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு இது தெரிந்திருக்கவில்லையே.

இனி நான் சொல்ல வந்தது.

உனக்கு அப்போது ஆறு வயது. அந்த மர முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நிற்பாய். "நான் கிளறட்டுமாம்மா?" என்பாய். "போய்ப் படி" என்பேன். எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும், அப்பாவுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும், உன் தம்பி ஒரு பக்கம் அழுவான். ஒரு நாள் முட்டை உடைக்கிறேன் என்று எடுத்துத் தரையில் போட்டுவிட்டாய். அன்றைக்கு உன்னைத் திட்டியது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகு முக்காலி சமையலறைப் பக்கம் வரவில்லை. நீ வேலைக்குப் போன ஊரிலிருந்து ஒரு ராத்திரி போன் பண்ணி, "அரிசிக்கு எவ்வளவும்மா தண்ணீர் வைக்கணும்?" என்று கேட்டாய். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. கற்றுக்கொள்ள வந்தவளை விரட்டியது நான்தான்.

இந்தத் தடவை பெரியவனும் ஒரு முட்டையைத் தரையில் போட்டான். அதே இடம் என்றுகூடச் சொல்லலாம். அதே வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது. முக்காலியைப் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் துணியை அவன் கையில் கொடுத்தேன். துடைத்தான், சோப்புப் போட்டுக் கை கழுவினான், அடுத்த முட்டையை எடுத்தான். நாலாவதில் கை பழகிவிட்டது. ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே மொத்தத்தில் ஊற்ற வேண்டும், ஓட்டுச் சில் விழுந்தால் விரலை விட்டுத் துழாவாமல் பெரிய ஓட்டுத் துண்டாலேயே கோரி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். இந்த இரண்டும் உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

கத்தி விஷயத்தில் நீ பயப்படுவாய். ஒன்பது வயதாகிவிட்டது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும். பிடிக்கிற கையின் விரல் நுனிகளைப் பூனை நகம்போல் உள்ளே மடக்கிக்கொள்ளச் சொன்னேன். உருண்டையான காய் எதுவானாலும் முதலில் இரண்டாக்கி, தட்டையான பக்கம் கீழே வைத்துத்தான் நறுக்க வேண்டும் என்றேன். மொண்ணைக் கத்தியைக் கொடுத்தால் பத்திரம் என்று நினைக்காதே. அது வழுக்கும், அழுத்தி வெட்டச் சொல்லும், அதில்தான் விரல் போகும். வெங்காயம் ஏன் அழ வைக்கிறது என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும்? தாத்தாவும் பேரனும் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். வெட்டும்போது வெங்காயத்தின் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்தவை ஒன்றுசேர்ந்து ஒரு வாயுவாகிக் கிளம்புகிறதாம். கண்ணைக் கரிக்க வைப்பது அதுதானாம். கத்தி கூராக இருந்தால் நசுங்கும் செல்களும் குறைவு, கண்ணீரும் குறைவு. மறுநாள் அவன் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினான். போட்டோ அப்பாவிடம் இருக்கிறது.

பீட்சா கதையை அவனே உன்னிடம் சொல்லியிருப்பான், ஆனால் பழியை என் மேல் போட்டிருப்பான். பழி என்னுடையதுதான். எனக்கு அந்தப் பண்டத்தின் மேல் பெரிய மரியாதை கிடையாது. அவன் கேட்டான் என்று இறங்கினேன். அரைக் கிலோ மாவு, 300 மில்லி தண்ணீர், 7 கிராம் ஈஸ்ட். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் நன்றாகச் சுட வைத்துவிட்டேன். ஈஸ்ட் உயிருள்ளது, 60 டிகிரியை நெருங்கினாலே செத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடி கல்லாகக் கிடக்கிறது. அதையே தேய்த்துச் சுட்டு, அப்பளம்போல் நொறுக்கித் தின்றோம். மறுநாள் தண்ணீரில் விரலை விட்டுப் பார்க்கிற பொறுப்பைக் குட்டி எடுத்துக்கொண்டாள். "குளிக்கிற சூடு" என்று அவள் சொன்ன பிறகுதான் ஈஸ்ட் உள்ளே போனது. மாவைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, அதன் மட்டத்துக்கு வெளியே ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவிட்டோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ரப்பர் பேண்டைத் தாண்டி மேலே வந்தபோது, "பாட்டி, மூச்சு விடுது!" என்று ஒரு கூச்சல். அதை மட்டும் விடாதே, உன் வீட்டிலும் செய். ஆனால் பச்சை மாவைத் தின்ன விடாதே. முட்டையில் மட்டுமில்லை, வேகாத மாவிலும் கிருமி இருக்கலாம்.

இன்னொன்று, போனில் உன்னிடம் சொல்லவில்லை. அந்த பீட்சா தட்டின் விளிம்பைப் பெரியவன் தொட்டுவிட்டான். ஆள்காட்டி விரல். உடனே குழாய்த் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டு 20 நிமிஷம் நின்றோம், கடிகாரம் பார்த்து. தாத்தா பற்பசையோடு ஓடி வந்தார், திருப்பி அனுப்பிவிட்டேன். பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வைக்கக் கூடாது, ஓடுகிற சாதாரணத் தண்ணீர்தான். கொப்புளம்கூட வரவில்லை. சொல்லியிருந்தால் நீ பதறியிருப்பாய், அவனும் அதற்குப் பிறகு அடுப்புப் பக்கம் வந்திருக்க மாட்டான். சொல்லாதது தப்பென்றால் என் மேல் கோபித்துக்கொள்.

ஆளுக்கொரு சமையல் செய்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். பிள்ளைகளுக்குத் தனி, உங்களுக்குத் தனி. எதற்கு? இங்கே ஒரே பாத்திரம்தான். காய் வெந்ததும் காரம் சேர்ப்பதற்கு முன்னால் குட்டிக்கு எடுத்து வைத்துவிடுவேன், அப்புறம் மிளகு போடுவேன். அப்பாவுக்கு உப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதால் மொத்தத்திலேயே குறைத்துவிட்டு, வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். யாரும் சாகவில்லை. தட்டில் என்ன வருகிறது என்பதை நான் முடிவு செய்வேன், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். இதைப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. "இன்னும் ஒரு வாய்" என்று சொல்லாமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குட்டிக்கு இன்னும் ஐந்து வயதாகவில்லை, அதனால் திராட்சையை முழுசாகக் கொடுக்காதே, நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடு. பருப்பு, கொட்டை வகைகளையும் முழுசாகக் கொடுக்க வேண்டாம். உன் தம்பி குழந்தையைக் கொண்டுவந்தபோது, குட்டி ஆசையாக விரலில் தேனைத் தொட்டு அதற்கு ஊட்டப் போனாள். பாய்ந்து பிடித்தேன். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து விஷமாகிவிடும். அவளுக்குக் கோபம். பாப்பாவுக்கு முதல் பிறந்த நாள் வந்ததும் நீதான் ஊட்டணும் என்று சமாதானம் செய்து வைத்திருக்கிறேன். மறக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்துவிட்டு ராத்திரிவரை மேடையிலேயே வைத்திருக்கிறாயே, அதை விட்டுவிடு. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், அகலமான டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் ஆறும். முக்கியமாகச் சோறு. அதிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்து வெந்த பிறகும் சாகாது. வெளியில் கிடக்கக் கிடக்கப் பெருகி விஷத்தை உண்டாக்கும், அப்புறம் எத்தனை தடவை சூடு பண்ணினாலும் அது போகாது.

உனக்கு நேரமில்லை என்பதும் எனக்குத் தெரியும். எட்டு மணிக்குக் கிளம்புகிறவளின் அவசரம் எனக்குத் தெரியாதா? வேலை நாளில் மாவு பிசைகிற விளையாட்டெல்லாம் வேண்டவே வேண்டாம், உனக்குக் கோபம்தான் வரும். ஒரே ஒரு வேலை கொடு. நான்கு பல் பூண்டு உரிக்கிறது, கீரையைக் கிள்ளுகிறது, கரண்டியால் அளக்கிறது. மூன்று டீஸ்பூன் சேர்ந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் என்று பெரியவன் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கண்டுபிடித்தான். ஆனால் கொடுத்த வேலை உண்மையாக இருக்கட்டும். அவள் உரித்த பூண்டைப் பின்னால் ஒளித்துவிட்டு உன் பூண்டைப் போடாதே. குட்டிக்கு அது தெரிந்துவிடும்.

முக்காலியின் ஒரு கால் ஆடுகிறது, அப்பா ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் வரும்போது கொண்டுவருகிறோம். வந்த அன்றைக்கு நீ சமை, நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறேன்.

பெரியவன் சூப் செய்முறையைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். தாளை நான் தர மாட்டேன், பார்த்து எழுதுகிறேன்:

"கேரட் 6. உருளைக்கிழங்கு 1. வெங்காயம் 1 (கண்ணாடி போடவும்). பூண்டு 2 பல். வெண்ணெய் 1 பெரிய ஸ்பூன், முதலில் வெங்காயத்தை வதக்கணும். தண்ணீர் 1 லிட்டர். 20 நிமிஷம் வேகணும். நல்லா ஆறின பிறகுதான் மிக்ஸியில் அரைக்கணும், பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது, சூடா போட்டா மூடி பறக்கும், பாட்டிக்குப் பறந்துச்சு. திரும்பச் சூடு பண்ணணும். உப்பு: தங்கச்சியைக் கேட்கணும்."

அன்புடன்,
அம்மா