ஜிம்னியைத் தூக்குவதா, டயரை மாற்றுவதா?

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. தங்கச்சி ஒருத்தியாகவே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் வந்திருக்க மாட்டோமா? கடலூருக்கும் லாஸ்பேட்டைக்கும் என்ன அவ்வளவு தூரம்? சரி, அடுத்த முறை இப்படிச் செய்யாதே.

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் பத்தாவது, அதனால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது. மச்சான் முதுநகரில் டயர் கடையைப் பெரிதாக்கி, அலைன்மென்ட் மெஷினும் இறக்கிவிட்டான். சாயங்காலம் கணக்குப் பார்க்கிறேன் என்று நானும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுகிறேன். வருகிற வண்டிகளையும் அவற்றின் அடிவயிற்றையும் பார்ப்பதில் எனக்கு இருக்கிற ஆசை உனக்குத் தெரியும். அதனால் உன் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதப்போகிறேன்.

காடாம்புலியூர் முந்திரித் தோப்புக்குப் போகிற வழியில் உன் மாருதி ஜிம்னி அடியில் உரசுகிறது, ஒரு கடையில் இரண்டு அங்குல லிஃப்ட் கிட் போடச் சொல்கிறார்கள், இன்னொருவர் பெரிய டயர் போதும் என்கிறார், இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க இப்போது முடியாது, எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறாய். என் பதில் டயர்தான். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காகச் செய்யாதே, முதலில் ஒரு வேலை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சாக்கை விரித்துப்போட்டு, டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படு. முன்னும் பின்னும் இரண்டு சக்கரங்களை இணைக்கிற ஆக்சிலில் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக ஒன்று தொங்கும், அதுதான் டிஃபரன்ஷியல், நம்ம மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்களே, அது. அதன் அடியில் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று தெரிகிறதா, மண் அப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். அப்புறம் அப்படியே நகர்ந்து வண்டியின் நடுப்பகுதிக்கு வா. சேஸின் குறுக்குச் சட்டம், கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், கதவுகளுக்குக் கீழே ஓடுகிற விளிம்பு, இங்கெல்லாம் கீறல் இருக்கிறதா பார். வண்டிக்கு எது தேவை என்பதை அந்தக் கீறல்தான் சொல்லும். கடைக்காரர் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏனென்றால் ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில், லாரிக்கு இருப்பது போல. லிஃப்ட் கிட் என்றால் நீளமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டு, ஆக்சிலுக்கு மேலே இருக்கிற உடம்பை உயர்த்துவது. ஆக்சில் இருந்த இடத்தில்தான் இருக்கும். கம்பெனி சொல்கிற 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் அந்த உருண்டைக்கும் தரைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. நீ இரண்டு அங்குலம் தூக்கினாலும் நாலு அங்குலம் தூக்கினாலும் அந்த 210 அப்படியே 210தான். ஆக்சில் உயர வேண்டுமானால் டயரின் விட்டம் கூட வேண்டும், வேறு வழியே கிடையாது.

உன் தோப்புப் பாதையை நினைத்துப் பார். மார்கழி மழையில் டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளமாகக் கிழித்து, நடுவில் செம்மண் மேடாக நின்றுவிட்டது. இப்போது தை வெயிலில் அது இறுகிக் கிடக்கும். உன் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் மேட்டில் முதலில் போய் இடிப்பது கிரவுன்தான். இதற்கு லிஃப்ட் போட்டு என்ன பயன்? மேலே உட்கார்ந்திருக்கிற உனக்கு வண்டி உயரமாகத் தெரியும், கீழே அதே உரசல் தொடரும். இந்த இடத்தைத்தான் நிறையப் பேர் யோசிக்காமல் பணத்தைக் கொட்டுகிறார்கள், உனக்கும் அப்படி ஆகக் கூடாது.

இப்போது டயர் கணக்கு. உன் வண்டியில் வந்தது 195/80 ஆர்15, அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம். அதன் விட்டம் சுமார் 693 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் 703 வரும். விட்டத்தில் பத்து கூடினால் ஆக்சில் உயர்வது அதில் பாதி, ஐந்தே மில்லிமீட்டர். 235/75 ஆர்15 என்றால் விட்டம் 733, ஆக்சில் 20 மில்லிமீட்டர் உயரும். கேட்க இது சின்னக் கணக்காகத் தெரியும், ஆனால் உரசுகிற இடத்தில் 20 மில்லிமீட்டர் என்பது பெரிய விஷயம். அதே நேரம் 235 சும்மா வந்து உட்காராது, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் பம்பர் ஓரத்திலோ உள்ளே ஆக்சிலைப் பிடித்திருக்கிற ஆர்ம் கம்பியிலோ லேசாக உரசப் பார்க்கும். இன்ஜினுக்கும் பாரம் கூடும். உன்னுடையது 1.5 லிட்டர் பெட்ரோல், டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றுகிற விசை, 134 நியூட்டன் மீட்டர்தான். விட்டம் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூடும்போது இழுவை அந்த அளவுக்குக் குறையும், ஈசிஆரில் முந்தும்போது கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். ஸ்பீடாமீட்டர் 80 காட்டினால் நிஜத்தில் 84, 85 போய்க்கொண்டிருப்பாய்.

அதனால் உனக்கு நான் சொல்வது 215/75, தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் சேர்த்துச் செய்த நல்ல ஆல் டெரெய்ன் டயர். ஐந்து மில்லிமீட்டருக்காகவா செலவு என்று கேட்பாய். உயரத்துக்காக இல்லை மாப்ள, பிடிப்புக்காக. வண்டியோடு வந்த டயர் தார் ரோட்டுக்காகச் செய்தது, செம்மண் ஈரமானால் அதன் பட்டன் இடுக்கெல்லாம் அடைத்து வழவழவென்று ஆகிவிடும். ஆல் டெரெய்னில் இடைவெளி அதிகம், சுற்றும்போதே மண்ணை உதறிக்கொள்ளும். பிடிப்பு நன்றாக இருந்தால் பள்ளத்துக்குள் இறங்காமல், ஒரு சக்கரத்தை நடு மேட்டிலும் இன்னொன்றை வெளிக் கரையிலும் வைத்துத் தைரியமாக ஓட்டலாம். பாதி உரசல் அதிலேயே போய்விடும். இதையும் செய்து பார்த்து, அதற்கப்புறமும் கிரவுன் இடித்தால் 235 பற்றிப் பேசுவோம். அந்த நடு மேட்டை ஒரு நாள் ஆள் வைத்து மண்வெட்டியால் சீவிவிடலாம் என்பதையும் மறக்காதே, பாதை உன் தோப்புக்குள்தானே இருக்கிறது.

பக்கச் சுவர் தடிமனாக இருக்கிற டயராகப் பார்த்து வாங்கு. உன் வேலி ஓரம் பூராவும் வேலிக்காத்தான். அந்த முள் டயரின் முகத்தில் குத்தினால் பஞ்சர் ஒட்டிவிடலாம், பக்கத்தில் குத்தினால் டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். மச்சான் கடைக்கு வருகிற தோப்புக்காரர்களின் டயர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகின்றன. பொலபொலவென்ற மணலில் மாட்டினால் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கிக்கொள், டயர் நீளவாக்கில் படிந்து மண்ணுக்கு மேலேயே போகும், எந்த லிஃப்ட் கிட்டும் தராத உதவி அது, செலவும் கிடையாது. ஆனால் காற்று இறங்கினால் பக்கச் சுவர் வெளியே பிதுங்கும், அப்போது முள் வேலி பக்கம் ஒட்டிப் போகாதே, வேகமாகத் திருப்பவும் திருப்பாதே. ரோட்டுக்கு ஏறியதும் காற்றைத் திரும்ப அடித்துவிடு, பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

வாங்கும்போது ஐந்தாக வாங்கு. நாலு பெரிய டயரும் ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலும் இருந்தால், அந்த ஸ்டெப்னியை மாட்டி ஃபோர் வீலில் ஓட்டும்போது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கேடு. கனமான டயர் பின் கதவில் தொங்கப்போகிறது, கதவின் கீலையும் அவ்வப்போது பார்த்துக்கொள்.

லிஃப்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். நல்ல கிட்டாக இருந்தால் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. நீளமான ஷாக் போட்டால் சக்கரம் இன்னும் கீழே இறங்கும், பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்காமல் தரையைத் தொடும். ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 2590 மில்லிமீட்டர், நீளம் கூடியதால் வரப்பு மேலேயோ வாய்க்கால் கரை மேலேயோ ஏறி இறங்கும்போது நடு வயிறு தட்டும், அதற்கு லிஃப்ட் நிஜமாகவே உதவும். நான் மேலே சொன்ன சோதனையில் உன் வண்டியின் கீறலெல்லாம் நடுப்பகுதியில்தான் இருக்கிறது என்றால் எனக்கு எழுது, என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்ன விலையைப் பார்த்தால் அது ஸ்பிரிங்குக்கு மேல் வளையம் வைத்துத் தூக்குகிற ரகம் என்றுதான் தோன்றுகிறது. அதில் ஷாக் பழையதுதான், வண்டி மேலே போன அளவுக்குச் சக்கரம் கீழே இறங்குகிற தூரம் குறைந்துவிடும். காட்டுப் பாதைக்காகக் காசு கொடுத்து, காட்டுப் பாதையில் வேண்டிய குணத்தையே கெடுத்துக்கொள்கிற வேலை அது.

அப்புறம் தூக்கியதோடு செலவு நிற்காது. உடம்பு உயர்ந்தால் முன் ஆக்சில் லேசாகத் திரும்பி, சக்கரத்தை நேராக நிறுத்துகிற காஸ்டர் கோணம் குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, ஈசிஆரில் 80இல் போகும்போது வண்டி அங்கும் இங்கும் அலையும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கிற பான்ஹார்ட் ராடு, ஆக்சிலை ஒரு பக்கம் இழுத்துவிடும். இதையெல்லாம் சரிக்கட்ட வேறு புஷ், வேறு ராடு வாங்க வேண்டும். ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். உன் தோப்பில் முந்திரிக் கிளை எவ்வளவு தாழ்வாகப் படர்ந்திருக்கிறது என்று உனக்கே தெரியும், தானே புயலுக்கு அப்புறம் வைத்த மரங்கள் எல்லாம் பக்கவாட்டில்தானே விரிந்திருக்கின்றன. உயரத்தைக் கூட்டினால் கீழே மிச்சமாகிற பெயின்ட் கூரையில் போகும்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது அம்மா. ஆபரேஷன் ஆன காலை வைத்துக்கொண்டு இரண்டு அங்குலம் கூடுதலாக எப்படி ஏறுவார்கள்? அறுவடை நேரத்தில் தோப்பில் போய் உட்காராவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடே இறங்காது, அதற்காகத்தானே இந்த வண்டியையே வாங்கினாய்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி சொன்ன அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. தூக்கிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். டயர் மாற்றும்போதும் லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்குகிற எடையைக் காட்டுகிற எண், பழையதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள், இன்சூரன்ஸில் எழுத்து மூலமாக ஒரு வார்த்தை கேட்டுவிடு.

உயரமாக இருந்தால் வெள்ளத்தில் போகலாமே என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அந்த நினைப்பை விட்டுவிடு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணையைத் திறந்தபோது தென்பெண்ணை என்ன செய்தது என்று நாம் இரண்டு பேரும் பார்த்தோம். உன் வண்டியின் எடை 1200 கிலோதான். ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தாலே தூக்கிக்கொண்டு போய்விடும். தண்ணீர் வடியும் வரை இந்தப் பக்கமே நில், முந்திரி எங்கும் போகாது.

தேவனாம்பட்டினம் மணலில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கும் என் பதில் வேண்டாம்தான். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுகிற நேரம் இது, குழி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. தவிர அது மீனவர்கள் வலை காயப்போட்டு, படகு இழுக்கிற இடம். மணலில் ஓட்டிப் பழக உன் தோப்பின் கிழக்கு ஓரமே போதும்.

கீறல் எங்கே இருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பு. வண்டியை முதுநகர் கொண்டுவந்தால் மச்சான் ஐந்து டயரையும் மாட்டி, பேலன்சிங்கும் அலைன்மென்டும் செய்து கொடுத்துவிடுவான், பழைய டயர்களுக்கும் நல்ல விலை வாங்கித் தருகிறேன். வருகிற அன்று தங்கச்சியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, மதியச் சாப்பாடு நம்ம வீட்டில்தான். வஞ்சிரம் கிடைத்தால் வஞ்சிரம், இல்லாவிட்டால் சங்கரா. வருகிற தேதியை முன்னாடியே சொல்லிவிடு, மச்சான் சரக்கு சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் கடலூர் மாப்ளை