மைதானத்துக்கு விளக்கு போடுங்கள்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். நீயும் மருமகளும் குழந்தையும் நலம்தானே?

மஸ்கட், துபாய், பெங்களூர் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கும் நம் தெருப் பையன்கள் எல்லோரும் சேர்ந்து, பிறந்து வளர்ந்த இடத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பணம் திரட்டியிருப்பதாகவும், பொங்கலை ஒட்டி எழுவர் கால்பந்துப் போட்டி ஒன்றை நடத்திப் பெரிய கோப்பையும் பரிசுத் தொகையும் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாய். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை விசில் ஊதிய உடற்கல்வி ஆசிரியை என்பதால் என் கருத்தையும் கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம், அதனால் எழுதுகிறேன். போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் இருக்கும் பணத்துக்கு அதுதான் முதல் செலவு என்றால் எனக்குச் சம்மதமில்லை.

கணக்கைப் பார். 16 அணிகள் ஆடும் நாக்-அவுட் போட்டியில் மொத்தமே 15 ஆட்டங்கள்தான். முதல் சுற்று முடிந்ததும் 8 அணிகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் போட்டியில் விளையாடியது ஒரே ஓர் ஆட்டம், அதிலும் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருந்தவன் பத்து நிமிடம்கூட ஓடியிருக்க மாட்டான். கடைசியில் கோப்பையைத் தூக்குவது யார் என்றால், யாரும் சொல்லாமலே நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும் அதே பையன்கள்தான். இதற்கு நடுவே மைக் செட், ஷாமியானா, ஃப்ளெக்ஸ், வந்த விருந்தினருக்குச் சால்வை, எல்லாருக்கும் பிரியாணி என்று பணத்தில் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

என் கவலை கோப்பை வாங்குகிறவனைப் பற்றியது அன்று. கோல் கம்பத்துக்குப் பின்னால், வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுப்பதற்கென்றே நிற்கும் ஒரு பையன் எல்லா மைதானத்திலும் இருப்பான். கொஞ்சம் குண்டாக இருப்பான், அல்லது மூச்சு வாங்கும், அல்லது வெறுமனே கூச்சப்படுவான். பந்து கைக்கு வந்ததும் அதை ஒரு முறை தானே உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவான். அவன் வயிற்றைப் பற்றியும் அவன் கையில் இருக்கும் போனைப் பற்றியும் அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. அவனை உள்ளே கூப்பிட்டு ஆட்டத்தில் சேர்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. உங்கள் பணம் அவனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2016ஆம் ஆண்டு நிலவரத்தில் 11 முதல் 17 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் உலகெங்கும் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78 விழுக்காடு, பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு. இந்தியப் பையன்களின் நிலை 72 விழுக்காடு என்று சற்றுத் தேவலாம் போல இருந்ததற்குக் கிரிக்கெட் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நம் பெண் பிள்ளைகளின் எண்ணும் மற்ற நாடுகளைவிடக் குறைவாக இருந்ததற்கு அவர்கள் சொன்ன காரணத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை: வீட்டு வேலை. தண்ணீர் லாரி வந்தால் குடத்தை இடுப்பில் வைத்து மாடி ஏறுவதும், தம்பியைத் தூக்கிச் சுமப்பதும் அவர்கள் கணக்கில் உடல் உழைப்பாகச் சேர்ந்துவிடுகிறது. உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதை விளையாட்டு என்று எந்தப் பெண் பிள்ளையும் சொல்ல மாட்டாள்.

இதெல்லாம் இப்போதே எதற்கு, வயதானால் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் நண்பர்களில் யாராவது சொன்னால், நம் கோபாலபுரத்தில் இருக்கும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க எடுத்து 2023இல் வெளியிட்ட கணக்கைச் சொல்: 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். ஓடும்போதும் குதிக்கும்போதும் வேலை செய்கிற தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எலும்பு தன் வலுவில் பெரும்பங்கை 20 வயதுக்குள் சேர்த்துவிடுகிறது, அதன் பிறகு இருப்பதைக் காப்பாற்றுவதோடு சரி. அப்பாவின் மாத்திரை டப்பாவைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இனி விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டு, டியூஷனுக்கும் போய்வந்தால் பிள்ளைகளுக்கு ஐந்தரை மணிக்கு முன்னால் நேரம் கிடைப்பதில்லை. நவம்பர், டிசம்பரில் இங்கே 5.40, 5.45க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் வெளிச்சம் ஆறரை வரை இருந்தாலும், ஐந்து மணிக்கு முன் தரையில் கால் வைக்க முடியாது. கடற்காற்று வந்து சேர்ந்த பிறகும் இந்த ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்பதால், வெயில் நேரத்தில் பிள்ளைகளை ஓடவிடுவது ஆபத்து. ஆக, ஆண்டில் எந்த மாதமானாலும் அவர்களுக்கு உதவுகிற நேரம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரைதான். நம் தெரு முனை மாநகராட்சி மைதானத்தில் அந்த நேரத்தில் இருட்டு. இருட்டில் யார் வந்து உட்காருவார்கள், என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். நான்கு கம்பத்தில் எல்.இ.டி. விளக்குப் போட்டு, அதற்கு மாதாமாதம் கரண்ட் பில் கட்ட ஒரு ஏற்பாடு செய்துவிட்டால், பாதி வேலை அங்கேயே முடிந்தது. மண்டல அலுவலகத்தில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், கவுன்சிலரையும் பார்க்க வேண்டும். அந்த நடையை நான் நடக்கிறேன்.

அடுத்தது கழிவறை. ஆண்கள் குழு என்பதால் உங்கள் பட்டியலில் அது இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு நிற்பதற்கு அம்மாக்களின் பயத்தை மட்டும் காரணம் சொல்வார்கள். அந்தப் பயம் உண்மைதான். திரும்பி வரும் சந்தில் விளக்கு எரிகிறதா, யாரோடு வருகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள் என்று கேட்கிற உரிமை எந்த அம்மாவுக்கும் உண்டு. ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகள் மெதுவாகக் காதோடு வந்து சொன்ன காரணங்கள் வேறு. மாதவிலக்கு நாளில் துணி மாற்ற இடம் கிடையாது என்பார்கள். ஓடும்போது பையன்கள் பார்க்கிறார்கள், அதற்கேற்ற உள்ளாடை இல்லை, அம்மாவிடம் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது என்பார்கள். இதை மகனிடம் எழுதலாமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை, நீயும் ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். தாழ்ப்பாள் விழுகிற ஒரு கழிவறை, அதில் தண்ணீர், மூடிபோட்ட குப்பைக் கூடை, தினமும் கழுவி விடும் அம்மாவுக்கு மாதச் சம்பளம், இவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் பெண்களுக்கும் விளையாட்டு என்று நோட்டீஸ் அடித்தால் ஒருத்தியும் வர மாட்டாள். வாரத்தில் மூன்று நாள் மைதானத்தில் பாதி அவர்களுக்கென்று எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பையன்கள் விட்டுக்கொடுத்தால் ஆடலாம் என்கிற ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்காது.

இடம் போதாது என்பார்கள். பெண்கள் கபடிக்கு 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் போதும். எறிபந்துக்கு ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் வீட்டு மாடியில்கூட ஆடலாம். நான் படித்த நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக் வழியாகத்தான் எறிபந்து இந்த ஊரில் பரவியது என்று எங்களுக்குப் பெருமையோடு சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கோ-கோ. துரத்தும் அணியில் எட்டுப் பேர் வரிசையில் மாறி மாறித் திசை பார்த்து உட்கார்ந்திருக்க, ஒருத்தி ஓடுவாள். அவள் யாருடைய முதுகில் தட்டிக் ‘கோ’ சொல்கிறாளோ அவள் அந்த நொடியே எழுந்து ஓட வேண்டும். மெதுவாக ஓடுகிறவளுக்கும் முறை வரும், வந்தே தீரும். அவளை ஒதுக்கிவைத்து அந்த ஆட்டத்தை ஆட முடியாது. செலவு என்று பார்த்தால் இரண்டு கம்பம், கொஞ்சம் சுண்ணாம்புத் தூள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வென்றபோது, அந்த அணியில் ஆடிய கார்த்திகாவின் பேர் இங்கே எல்லார் வாயிலும் இருந்தது. அவள் கண்ணகி நகர்ப் பிள்ளை. நகருக்குள் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்களை 2000க்குப் பிறகு கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. பேர் சொன்னாலே வேலை தர யோசித்த இடத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள் என்று எல்லாரும் வியந்தார்கள். நான் வியந்தது, அவளோடு மாலை நேரத்தில் களத்தில் இறங்கி ஆடி, பஹ்ரைனுக்குப் போகாத மற்ற பிள்ளைகளை நினைத்து. அவர்கள் இல்லையென்றால் அவளுக்குப் பிடிக்க ஆள் ஏது? நமக்குப் பக்கத்திலேயே புது வண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள். கேரம் ஆடினால் உடம்பு வியர்க்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வடசென்னைத் தெருக்களில் மாலையானால் தவறாமல் கேரம் கிளப்பின் கதவு திறந்து, பலகையில் பவுடர் தூவப்படுவதால்தான் அந்த ஆட்டம் இங்கே தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. ஓடி ஆடும் விளையாட்டுக்கும் அந்தத் திறந்த கதவு வேண்டும்.

அந்தக் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும், உங்கள் பணத்தில் மூன்றாவது பங்கு அதற்குத்தான். வெளியிலிருந்து பேர் பெற்ற கோச்சைக் கூட்டி வராதீர்கள். அவர் முதல் நாளே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஓடவிட்டு, தேறியவன் தேறாதவன் என்று பிரித்துவிடுவார். அது அவர் தொழில். நம் தெருக்களிலேயே கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் பிடித்து, மாலையில் இரண்டு மணி நேரத்துக்குக் கௌரவமான மாதச் சம்பளம் கொடுங்கள். பந்துக்குக் காற்று அடிப்பது, வந்தவர்களின் பேரை நோட்டில் எழுதுவது, இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் என்னவென்று கேட்பது, இவைதாம் அவர்கள் வேலை. முதலுதவியும், அடிபட்டால் எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்பதும் நான் சொல்லித்தருகிறேன். கோ-கோ விதிகளை அவர்கள் ஒரே வாரத்தில் படித்துக்கொள்வார்கள்.

திறந்தவெளி ஜிம் கருவிகள் வாங்கலாம் என்று ஒருவன் சொன்னதாகச் சொன்னாய். பூங்காக்களில் இருப்பவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்: பெடல் கழன்று கிடக்கிறது, நடை முடித்த பெரியவர்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரும்பைவிடக் கூட்டாளிகள்தாம் வேண்டும். நடைப்பயிற்சியும் அப்படித்தான், அரசு 2023இல் பெசன்ட் நகரில் தொடங்கிவைத்த 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் நல்ல திட்டம், ஆனால் அது எங்கள் வயதுக்காரர்களுக்கு. ஜிம்முக்குப் போகிற பெரிய பையன்களிடம் மட்டும், டப்பாவில் விற்கும் பவுடரையும் யாரோ போடச் சொல்லும் ஊசியையும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அவித்த கொண்டைக்கடலையோ முட்டையோ போதும். நீர்மோர்ச் செலவை அப்பா ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார்.

மழைக்காலத்தைப் பற்றி நீயே கேட்பாய். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் தண்ணீர் நிற்பது உனக்குத் தெரிந்ததுதான், மைதானம் காயப் பல நாள் ஆகும். அந்த மாதங்களில் சமுதாய நலக்கூடத்தில் கல்யாணம் இல்லாத மாலைகளைக் கேட்டு வாங்கி, ஸ்கிப்பிங் கயிறும் சிலம்பமும் வைத்துக்கொள்ளலாம். பழக்கம் நடுவில் அறுந்தால் திரும்ப முடிச்சுப் போடுவது கஷ்டம்.

ஓராண்டு கழித்து நோட்டைப் புரட்டிப் பாருங்கள். தொடர்ந்து வந்த பேர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை, எந்த அணியிலும் எடுக்கப்படாதவர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண் நன்றாக இருந்தால் அப்போது கோப்பை வையுங்கள். வருகிற அணி ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு ஆட்டம் ஆடும்படி லீக் முறையில் வையுங்கள், நானே நடுவராக நிற்கிறேன்.

பணத்தை மொத்தமாக ஒருவர் கணக்கில் போட வேண்டாம். விளக்குக்கும் கழிவறைக்கும் உரியதை இப்போது அனுப்பிவிட்டு, சம்பளத்தையும் கரண்ட் பில்லையும் மாதாமாதம் அனுப்புங்கள்; ரசீதுகளை நான் போட்டோ எடுத்துக் குழுவில் போடுகிறேன். மண்டல அலுவலக விண்ணப்பத்தில் இங்கேயே குடியிருக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். உன் கூட்டாளிகளில் யார் யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுது, திங்கட்கிழமை காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா