பக்கவாத்தியம் குறைந்தால் வேலை குறைவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற இசைப் பக்கத்தில், ஒரு கிதாரும் ஒரு குரலும் மட்டுமாக வெளிவந்த அமெரிக்க கன்ட்ரி, ஃபோக் (கிராமிய, நாட்டுப்புற மரபு இசை) ஆல்பங்களைப் பற்றிய அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த இசையைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்ததில் மகிழ்ச்சியே. ஆனால், அலுவலக வேலைக்கு நடுவே மெல்ல ஓடவிட்டுக்கொள்ள ஏற்றது என்று கட்டுரையாளர் பரிந்துரைப்பதையும், அலங்காரம் இல்லாததால் கலைஞரின் உள்ளம் இதில் அப்படியே வெளிப்பட்டுவிடுகிறது என்று முடிப்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. கருவிகள் குறையும்போது வேலைப்பாடு குறைவதில்லை. அது ஓரிரு விரல்களின் மேல் வந்து குவிகிறது. அந்த விரல்களைக் கவனிக்காதவருக்குப் பாட்டில் பாதி காதில் விழாமலே போய்விடும்.

கட்டுரையில் ஒரு வரியிலும் இடம்பெறாத கிதார் கலைஞர் மேபெல் கார்ட்டரிடமிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். 1927 ஆகஸ்ட்டில், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகருக்கு, விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் நடத்திய ஒலிப்பதிவுக்கு, ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, உறவினர் மேபெல் ஆகிய மூவரும் வந்தபோது மேபெலுக்கு வயது 18, கர்ப்பிணியும்கூட. சாரா ஆட்டோஹார்ப் என்னும் பல தந்திக் கருவியை மீட்டியபடி பாட, மேபெல் கிதாரில் செய்ததுதான் புதுமை. தடித்த கீழ்ச்சுருதித் தந்திகளில் பெருவிரலால் மெட்டை வாசித்துக்கொண்டே, அதே கையின் மற்ற விரலால் மெல்லிய தந்திகளை வருடித் தாளத்தையும் நடத்தினார். 1928-ல் பதிவான ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ பாடலைக் கேட்டால் இது தெளிவாகும். சாரா ஓர் அடியைப் பாடி நிறுத்தும் இடத்தில், மெட்டைக் கீழிருந்து எடுத்துக்கொண்டு போவது அந்தப் பெருவிரல்தான். கிதாரின் ஆறாம் தந்தி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்வது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அவ்வளவு கீழ்ச்சுருதியைச் சரிவரத் தர முடியாது. அதில் கேட்டுவிட்டு ‘எளிய இசை’ என்று சொல்வது அந்தப் பெண்மணிக்குச் செய்யும் அநியாயம்.

மேபெலின் மகள் ஜூனை 1968-ல் மணந்தவர் கன்ட்ரிப் பாடகர் ஜானி கேஷ். அவருடைய 1994-ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ ஆல்பத்தைக் கட்டுரையாளர் விரிவாகப் புகழ்ந்திருப்பது சரியே. ஆனால், முதுமையில் அவர் எளிமைக்கு வந்து சேர்ந்தார் என்ற கூற்று பொருந்தாது. அவர் தொடங்கியதே எளிமையில்தான். 1950-களின் நடுவில், சன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பாடியபோது உடனிருந்தவர்கள் இருவர் மட்டுமே: எலெக்ட்ரிக் கிதாரில் லூதர் பெர்க்கின்ஸ், கீழ்ச்சுருதித் தந்திக் கருவியான பாஸில் மார்ஷல் கிரான்ட். டிரம்ஸ் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்ட, தம் கிதாரின் தந்திகளுக்கு இடையே ஒரு காகிதத் துண்டைச் செருகி வாசித்தார் கேஷ். தந்திகள் காகிதத்தில் உரசி எழுப்பிய ஒலி, சரசரவென ஒலிக்கும் ஸ்னேர் டிரம்மைப் போலவே கேட்டது. 1956-ல் வெளிவந்த ‘ஐ வாக் த லைன்’ பாடலில் அதை இன்றும் கேட்கலாம். இதைத்தான் வேலைப்பாடு என்கிறேன்.

1994-ஆம் ஆண்டு ஆல்பமும் தானாக நிகழ்ந்ததன்று. கொலம்பியா நிறுவனம் 1986-லேயே கைவிட்டுவிட்ட பாடகரை, ராப், மெட்டல் ஆல்பங்களால் பெயர்பெற்றிருந்த தயாரிப்பாளர் ரிக் ரூபின் தம் வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்துப் பாடச் சொன்னார். பிற இசைக்கலைஞர்களைச் சேர்த்தும் முயன்று பார்த்த பிறகே, தனிக் கிதார் போதும் என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர். ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில், 4 தடங்கள் கொண்ட (நான்கு ஒலிகளைத் தனித்தனியே பதியும்) கேசட் கருவியில் மாதிரிக்காகப் பதிந்த பாடல்கள் அவை. முழுக் குழுவோடு மீண்டும் வாசித்துப் பார்த்தபோது ஏதோ ஒன்று கைநழுவிப் போனதால், அந்தக் கேசட்டையே வெளியிட்டார். அந்தக் கேசட்டிலும் எதிரொலி சேர்க்கப்பட்டிருக்கிறது. மாண்டலினும் ஹார்மோனிகாவும் பாட்டின் மேல் தனியே ஏற்றப்பட்டிருக்கின்றன. ஆக, அந்த வெறுமையும் கையால் செய்ததே. ‘உள்ளம் அப்படியே வெளிப்படுகிறது’ என்பது கேட்பவருக்குத் தோன்றும் உணர்வு. அந்த உணர்வை உண்டாக்குவதற்குத் தனித் திறமை வேண்டும்.

கட்டுரையாளர் ஒரு வரியில் கடந்துபோன பாடகி கில்லியன் வெல்ச், கிதார் கலைஞர் டேவிட் ராலிங்ஸ் இணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1950-களின் இறுதியிலிருந்து, கன்ட்ரிப் பாடல்களில் ஃபிடிலை (நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் வயலினை) ஒதுக்கிவிட்டு வயலின் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்து மெருகேற்றிய ‘நாஷ்வில் சவுண்ட்’ உருவான இடங்களில் ஒன்று, நாஷ்வில் நகரின் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோ பி என்னும் ஒலிப்பதிவுக் கூடம். அதே கூடத்தில்தான் இவ்விருவரும் 2001-ல் வெளியான ‘டைம் (த ரெவலேட்டர்)’ ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிந்தார்கள். வெல்ச் நிதானமாகத் தாளம் பிடிக்க, 1935-ஆம் ஆண்டின் சிறிய எபிஃபோன் கிதாரில் ராலிங்ஸ் மேலே பின்னிக்கொண்டே போவார். குரலோடு ஒத்துப்போகாத ஒரு சுரத்தில் வேண்டுமென்றே நின்று, நமக்குப் பொறுமை போகும் தறுவாயில் இறங்கி வருவார். 14 நிமிடங்களுக்கும் மேல் நீளும் இறுதிப் பாட்டை இந்த இழுபறிதான் தாங்குகிறது. இதைப் பின்னணியில் ஓடவிட்டால், ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது என்ற சலிப்புதான் மிஞ்சும்.

எனவே ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆல்பங்களைத் தங்கள் இதழ் இனி அறிமுகப்படுத்தும்போது, பாடியவரின் பெயரோடு கிதார் வாசித்தவரின் பெயரையும், பதிவான ஆண்டையும் இடத்தையும் தவறாமல் அச்சிட வேண்டும். ஒரு பாட்டையாவது எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் எதைக் கேட்பது என்று கட்டுரையாளர் காட்டித்தரவும் வேண்டும். அவர் மேபெல் கார்ட்டரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதுவாரானால், முதல் ஆளாகப் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.