பால் ஊற்றுகிறவர்களின் பேச்சையும் கேளுங்கள்

பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் சாதாரண உறுப்பினர் எழுதுகிறேன். சங்கத்திலிருந்து எங்களுக்குச் செய்தி வராமல் இல்லை. கோமாரி தடுப்பூசி முகாம் என்றால் பலகையில் எழுதிப் போடுகிறீர்கள். பட்டுவாடா ஆனால் போனில் மெசேஜ் வருகிறது. நாங்கள் கேட்பது உங்களிடம் வந்து சேரவும், அதற்குப் பதில் கிடைக்கவும்தான் வழியில்லை.

ஒரு அக்காவின் பாலில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான இதரச் சத்து) நேற்று 8.2, இன்று 7.6. அது குறைந்தால் பாலுக்குக் கிடைக்கும் விலையும் குறையும். ஏன் என்று கேட்கிறார். "மெஷின் காட்டுறதுதாம்மா" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்து அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்ற நினைப்போடு அவர் வீடு திரும்புகிறார். "மடி வீங்கியிருக்கா? பசுந்தீவனம் போடுறீங்களா?" என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மடிநோய் கண்டாலும், தீவனம் குறைந்தாலும் இதரச் சத்து இறங்கும். கேட்டிருந்தால் மாட்டுக்கு அன்றைக்கே வைத்தியம் பார்த்திருப்பார். கேட்காததால் அந்தப் பால் இப்போது தனியார் வண்டிக்குப் போகிறது. ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் சங்கத்தை விட்டுப் போவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

குஜராத்தின் கெடா மாவட்டத்தில் 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் விவசாயிகள் கூடிப் பேசித்தான், ஊருக்கு ஒரு சங்கம் என்ற முடிவுக்கு வந்தார்கள். விடுதலைப் போராட்ட வீரர் திரிபுவன்தாஸ் படேல் ஊர் ஊராகப் போய் அவர்களோடு பேசினார். பின்னால் அமுல் ஆனது அதுதான்.

நம் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி சங்கத்தின் இறுதி அதிகாரம், உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பொதுப் பேரவையிடம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பேரவையில் வரவு செலவை வேகமாக வாசிப்பார்கள், கையெழுத்து நோட்டு சுற்றி வரும், டீ கொடுப்பார்கள், கலைந்துவிடுவோம். பாதிப் பெண்கள் வரவே மாட்டார்கள். சாணி அள்ளி, தண்ணி காட்டி, பால் கறப்பது அவர்கள். உறுப்பினர் அட்டையோ வீட்டுக்காரர் பெயரில். மாட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்தவருக்குக் கூட்டத்தில் பேச இடமில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். கறப்பவர் பெயரிலேயே அட்டை கொடுங்கள். கூட்டத்தை அவர்கள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் வையுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். பால் அளக்கும் மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். இடப்பக்கம் நாங்கள் கேள்வி எழுதுகிறோம், எழுதத் தெரியாதவர் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் எழுதட்டும். வலப்பக்கம் தேதியும் கையெழுத்தும் போட்டு நீங்கள் பதில் எழுதுங்கள். முடியாது என்றால் காரணத்தோடு முடியாது என்றே எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். கொள்முதல் விலை உங்கள் கையில் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். அப்படிப்பட்ட கேள்வியை மாவட்டப் பால் ஒன்றியத்துக்கு அனுப்பி, அவர்கள் சொன்னதை அதே பக்கத்தில் எழுதினால் போதும். அடுத்த பேரவையில் வரவு செலவுக்கு முன்னால் அந்த நோட்டை எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.

இப்படிக்கு,
சங்கத்துக்குப் பால் ஊற்றும் உறுப்பினர்